அரை டெசிபல்

என் முதுகிலிருந்து தொடங்குகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நடந்ததை ஆரம்பத்திலிருந்து என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். ஆரம்பத்தில் இருந்தது என் முதுகுதான்.

கிட்டார் வாசிப்பவனுக்குப் பின்னால் மேடையில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் கேபினட் என்று பெயர். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவில் நான்கு ஸ்பீக்கர்கள் இருக்கும். எடை முப்பத்தெட்டு கிலோ. அதன் தலைமேல் இன்னொரு பெட்டி உட்கார்ந்திருக்கும், அதுதான் ஆம்ப்ளிஃபயர். அது இருபத்திரண்டு கிலோ. இரண்டும் என் தங்கையின் கணவனுக்குச் சொந்தம். தூக்கும் பாக்கியம் மட்டும் என்னுடையது. அவன் தூக்க மாட்டான், விரல்கள் முக்கியம். டிரம்மர் தூக்க மாட்டார், அவருக்கே தூக்க ஏழு உருப்படிகள் உண்டு. பாடகியைத் தூக்கச் சொல்வது அநாகரிகம்.

நான் அந்த இசைக்குழுவின் சவுண்ட் மிக்சிங் ஆள். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரும் பார்ப்பேன், என் வீட்டு முன்னறைதான் பட்டறை. கல்யாண ரிசப்ஷன், கம்பெனி ஆண்டு விழா, ஓட்டல் மொட்டைமாடி என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடமாகப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் முதுகு டாக்டர் என் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்க, மூட்டை தூக்குறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், இசைத்துறை" என்றேன்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியாக மீட்டினால் கொசு முனகுகிற சத்தம்தான் வரும். அதை ஊர் கேட்கும்படி ஆக்குவது ஆம்ப்ளிஃபயர். மாப்பிள்ளையிடம் இருந்தது பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். உள்ளே கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நின்று ஆரஞ்சு நிறத்தில் கனலும். ஆன் செய்ததும் வாசித்துவிடக் கூடாது. வால்வு சூடேற வேண்டும். மூன்று நிமிடம் அவன் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. அந்த மூன்று நிமிடமும் கல்யாண வீட்டார் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது மாடலர் என்று ஒன்று வந்திருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டப்பா, உள்ளே கம்ப்யூட்டர். எந்த ஆம்ப்ளிஃபயரோடும் கொஞ்ச நேரம் இணைத்து வைத்தால் போதும், அதன் சத்தத்தைப் படித்துக்கொண்டு அச்சு அசலாக மிமிக்ரி செய்யும். எடை ஒரு கிலோ எண்ணூறு கிராம். நான் இரண்டாவது முறை முதுகு பிடித்துப் படுக்கையில் விழுந்து எழுந்த பிறகு ஒன்றை வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் ஒத்திகை. அங்கே கொண்டுபோய், அவனுடைய ஆம்ப்ளிஃபயரையும் டப்பாவையும் ஒரு போர்வைக்குப் பின்னால் வைத்து, எது எது என்று சொல்லச் சொன்னேன்.

அவன் போர்வையைக்கூடப் பார்க்கவில்லை.

"அது பொணம் மச்சான். மேக்கப் போட்ட பொணம்."

"கேட்டுட்டுச் சொல்லு மாப்ளே. கேக்காமலே சொன்னா எப்படி?"

"எனக்குப் பரீட்சை வைக்கிறதுக்கு மொதல்ல உனக்குக் காது வேணும்ல? உனக்கு இருக்கிறது காது இல்ல மச்சான். கண்ணாடி மாட்டுற கொக்கி."

டிரம்மர் சிரித்தார். பாடகி சிரித்தாள். டீத்தட்டோடு வந்த என் தங்கை, நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த தங்கை, சிரிப்பு தாங்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன், அதற்கு இன்னொரு முறை சிரித்தார்கள்.

அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது சரியாக இருக்காது. இருபது வருடம் சத்தத்தோடு வேலை செய்த ஒருவனைப் பார்த்து அப்படிச் சொல்வது வலிக்கும்தான். ஆனால் நான் அற்பமானவன் அல்ல.

அடுத்த மாதம் ஆம்ப்ளிஃபயரே என்னைத் தேடி வந்தது. ஒரு வால்வு செத்துவிட்டது. அவனே சுமந்து வந்து என் மேசையில் வைத்தான், என் நினைவில் அவன் அதைத் தூக்கியது அந்த ஒரு முறைதான். "பத்திரம் மச்சான், என் உசுரு" என்றான். நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். முதலில் புது வால்வு போட்டு, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பிறகு மாடலரை இணைத்து அதன் சத்தத்தைப் படிக்க வைத்தேன். பிறகு உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுத்தேன். வால்வுகளைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி என் பரணில் வைத்தேன். நீங்கள் கைப்பற்றியபோது ஒரு கீறல்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

காலியான பெட்டிக்குள் மாடலரை வைத்தேன். அதோடு சத்தத்தைத் தள்ளிக் கொடுக்கச் சின்னதாக ஒரு பவர் போர்டு. பழையதைவிட இரண்டு மடங்கு சக்தி உள்ளதாகப் பார்த்துத்தான் போட்டேன், அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முன்பக்கத்துக் குமிழ்களை டப்பாவோடு பேச வைக்கப் பதினொரு நாள் பிடித்தது. வால்வு கிடைக்கவில்லை, வெளியூரிலிருந்து வரவழைக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவைத்தேன். பெட்டியின் சல்லடைத் தகடு வழியாகப் பார்த்தால் தெரிய வேண்டுமே என்று பட்டறையில் கிடந்த செத்துப்போன வால்வுகளை வரிசையாக நட்டு, பின்னால் ஆரஞ்சு விளக்கு வைத்தேன். கை வைத்துப் பார்ப்பானே, அதற்காக மேல்பலகைக்கு அடியில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று. சரியாக மூன்று நிமிடத்தில் சூடு வரும்.

எடைதான் இடித்தது. பன்னிரண்டு கிலோ குறைந்தது. தங்கை வீட்டுக் குளியலறையை மாற்றியபோது மிஞ்சிய நீல டைல்ஸ் என் பட்டறையில் கிடந்தது. அதைப் பழைய துண்டுகளில் சுற்றி, ஆடாமல் அடுக்கித் திருகினேன்.

எடை குறைய வேண்டும் என்பதுதானே உன் பேச்சு, பிறகு ஏன் எடையை ஏற்றினாய் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அந்த டைல்ஸைப் பதினான்கு மாதம் மாடி மாடியாகத் தூக்கியது நான்தான். என்னைச் சுயநலக்காரன் என்று சொல்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்திகைக்குப் போனோம். அவன் ஆன் செய்தான். உள்ளங்கையை வைத்தான். மூன்று நிமிடம் நின்றான். ஒரு ஸ்வரத்தை மீட்டி, கண்ணை மூடி, அது அடங்கும்வரை அப்படியே நின்றான்.

"ப்பா... வந்துடுச்சு பாரு மச்சான். வால்வு மாத்தினதும் என்னமா திறந்துக்கிச்சு! இதையெல்லாம் ஒரு டப்பாவுல கொண்டுவர முடியுமா?"

"முடியாதுதான் மாப்ளே" என்றேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இந்தத் தாளில் எழுத இடம் போதாது. விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு மாதம் வைத்திருந்து, நல்ல கூட்டம் சேரும் இடத்தில் உடைத்துவிட்டுக் கைகுலுக்கிக்கொள்வது என்பதுதான் என் திட்டம். அதற்குமேல் எதுவும் என் மனதில் இல்லை என்பதை நீங்கள் நம்பலாம்.

கூட்டமும் சேர்ந்தது. இசைக்கருவிக் கடை ஒன்றில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் அவனுடைய ஆம்ப்ளிஃபயர். மறுபக்கம் கடைக்காரரின் புது மாடலர், அவன் பெட்டிக்குள் இருந்த அதே ரகம். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இதில் கொஞ்சம் வாசித்தான், அதில் கொஞ்சம் வாசித்தான். "இது ஆளு. அது ஆளோட போஸ்டர்" என்றான். நாற்பது தலைகள் ஒன்றாக ஆடின. ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டார். நான் கடைசி வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பேச்சு முடிந்ததும் மேடைக்குப் போய்ப் பெட்டியின் பின்பக்கத்தைத் திறப்பதாக இருந்தேன்.

அப்போது அவன் என்னைக் காட்டினான்.

"இத சர்வீஸ் பண்ணது அதோ உக்காந்திருக்காரே, எங்க மச்சான். காது கொஞ்சம் மட்டுதான். ஆனா கை தங்கம்."

நாற்பது பேரும் திரும்பி, கருணையோடு கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அன்று திறந்து காட்டியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். அவன் அந்த மாதிரி ஆள். முகத்தில் கரியைப் பூசினாலும் அதையே ஒரு கதையாக்கி, அடுத்த மேடையில் அவனே சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவான். ஒரு வாரத்தில் அது அவனுடைய ஜோக்காகியிருக்கும், நான் அதில் மறுபடியும் கொக்கி. அது போதாது என்று பட்டது. அவன் காதின் மேல் அவனுக்கே ஒரு சின்னச் சந்தேகம் வர வேண்டும். அதிகம் வேண்டாம், ஒரு மனிதனுக்கு அடக்கம் வருகிற அளவுக்கு.

மாடலரை செல்போனிலிருந்தே மாற்றலாம். சத்தத்தில் டிரெபிள் என்று ஒரு பகுதி உண்டு. தந்தி பளிச்சென்று கேட்பதும் மங்கலாகக் கேட்பதும் அதில்தான் இருக்கிறது. அதை வாரம் அரை டெசிபல் குறைத்தேன். அரை டெசிபல் என்பது ஒன்றுமே இல்லை, மேடம். நீங்களும் நானும் கவனிக்கவே மாட்டோம். முதல் வாரம் குறைத்துவிட்டு மிக்சர் பின்னால் நின்று நானே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டாவது வாரம் அவன் பாட்டின் நடுவில் ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், லேசா மங்கின மாதிரி இருக்கு?"

"இல்லையே மாப்ளே. பளிச்னுதான் இருக்கு."

தந்தியை மாற்றினான். வயரை மாற்றினான். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான், நான் ஒரு வாரம் வைத்திருந்து துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். டிரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பினான், அதன் பிடியையும் போனில் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். டிரம்மரைக் கேட்டான். இருபது வருடம் சிம்பல் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர், அவர் வீட்டில் காலிங்பெல்லை அழுத்தினால் விளக்குதான் எரியும். "எனக்கு எப்பவும் போலத்தான்ப்பா இருக்கு" என்றார். பாடகி தன் குரலைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. என் தங்கை, "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றாள்.

ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும், இதற்காகத்தானே எழுதுகிறேன். அந்த வருடம் முழுக்க எங்கள் குழுவில் சரியாகக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஒவ்வொரு அரை டெசிபலையும் பிடித்தான். அந்த அளவு காதுள்ளவனை நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் நானே விட்டிருப்பேன்.

"மத்ததெல்லாம் நல்லாத்தானே கேக்குது? கிட்டார் மட்டும் ஏன் இப்படி?" என்று ஒரு நாள் கேட்டான். நியாயமான கேள்வி. அவன் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு டிரம்ஸும் குரலும் என் மிக்சரிலிருந்துதான் போகின்றன. அடுத்த வாரத்திலிருந்து அதிலும் குறைத்தேன். அதன் பிறகு அவன் அப்படிக் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் காது பரிசோதனைக்குப் போனான். நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். எல்லாம் சாதாரணம் என்றார் டாக்டர். அவர் கொடுத்த காகிதத்தில், நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற கீச்சுச் சத்தத்துக்கு நேராக மட்டும் கோடு கொஞ்சம் பள்ளம் விழுந்திருந்தது. சத்தத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருப்பதுதான், எனக்கு அதைவிட ஆழமாக இருக்கிறது. ஆனால் வெளியே டீ குடிக்கும்போது அவன் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

"இங்கதானே மச்சான் போயிருக்கு?"

"ஆமா மாப்ளே. அந்த இடம்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, நான் குறைத்துக்கொண்டிருந்த இடத்தை அந்தக் காகிதத்தில் இருந்த பள்ளத்தோடு சரியாகப் பொருத்தினேன். தொழிலில் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு அவன் பேச்சில் பழைய கெத்து இல்லை. மேடையில் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். சவுண்ட் செக்கின்போது, "மச்சான், நீ கேட்டுச் சொல்லு. உனக்கு எப்படி இருக்கோ அப்படியே வெச்சுக்கலாம்" என்றான். நான் வேண்டியது அவ்வளவுதான். அது கிடைத்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று என் தங்கை கேட்டதாகச் சொன்னீர்கள். நிறுத்தத்தான் இருந்தேன். ஆனால் ஒரு மனிதன் உங்களைப் பார்த்து "நீ கேட்டுச் சொல்லு" என்று சொல்வது எவ்வளவு இதமான விஷயம் என்பது, இருபது வருடம் அதைக் கேட்காதவனுக்குத்தான் தெரியும்.

ஏழாம் மாதம் என்று நினைக்கிறேன், ஒரு மாலை நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மேடையின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், எனக்குப் பயமா இருக்கு. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். இது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? வீட்டுல சொல்லிடாத, அவ அழுவா."

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் மனிதன்தானே. அங்கேயே போனை எடுத்து, குறைத்தது அத்தனையும் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டு, "சும்மா ஒண்ணு வாசியேன் மாப்ளே, யாரும் இல்ல" என்றேன். வாசித்தான். நாலைந்து நொடியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நிறுத்தவே இல்லை, காலி நாற்காலிகளுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசித்தான். அப்படி அவன் அதற்கு முன் வாசித்ததே இல்லை. கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "வந்துடுச்சு மச்சான், திரும்பி வந்துடுச்சு" என்றான். என் கண்ணும் கலங்கியது என்பதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட வேண்டும். பெட்டியின் முகப்பில் இருந்த எல்லாக் குமிழ்களையும் நான் மாற்றினேன், வால்யூம் குமிழைத் தவிர. அதை அவன் திருப்பினால் அது திரும்பியபடி வேலை செய்யும். அது நேர்மையான குமிழ்.

அன்றைக்குத் திரும்பி வந்தது மறுபடி போனதும், பயிற்சி போதவில்லை என்று அவன் முடிவு கட்டினான். வீட்டில் ஒரு சின்ன அறை, கதவைச் சாத்திக்கொண்டு, கேபினட்டை மேசைமேல் ஏற்றிக் காதுக்கு நேராக வைத்துக்கொண்டு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். மேசைமேல் ஏற்றிக் கொடுத்தது நான். மங்கலாகக் கேட்டால் மனிதன் என்ன செய்வான், சத்தத்தைக் கூட்டுவான். காதில் அடைத்துக்கொள்ள டாக்டர் கொடுத்த ரப்பரை வைத்தால் இன்னும் மங்குகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டான்.

தங்கை ஒரு நாள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணா, நீயாவது சொல்லேன். பாத்திரமெல்லாம் அதிருது. வெளிய வந்தா நான் பேசுறதுக்கு 'என்ன, என்ன'ங்கிறாரு. நீ சொன்னா கேப்பாரு, இப்போ உன்னைத்தான் ரொம்ப நம்புறாரு."

"கலைஞன்மா. குறுக்க போகக் கூடாது" என்றேன்.

இருந்தாலும் உள்ளே போனேன். சத்தத்தை அளக்கும் மீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். நூற்றுப் பதினான்கு டெசிபல் காட்டியது. அந்த அளவில் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று மீட்டரின் பின்பக்கத்திலேயே சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், என் காதில் ரப்பர் இருந்தது. புறப்படும்போது, "கொஞ்சம் கொறைச்சுக்கோயேன் மாப்ளே" என்று சொன்னேன். அவன் வாசித்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா என்று தெரியாது, ஆனால் நான் சொன்னேன்.

பதினான்காம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து, "ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறான். தங்கை அப்போது அவன் எதிரில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கதவை அறைந்தால் ஏதோ அதிர்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்றார் அதே டாக்டர். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போக வர எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன், எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

குழுவுக்குப் புதிதாக ஒரு கிட்டார்காரர் வந்தார். மாடலரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார், கேபினட்டே கிடையாது. வாசிப்பு சுமார்தான். என் முதுகு இப்போது எவ்வளவோ தேவலை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனது கெடுகிறது என்று தங்கை அதை ஒரு இசைப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே ரிப்பேர் பார்க்கிறவர் எதற்கும் ஒரு முறை உள்ளே பார்த்துவிடுவோம் என்று திறந்துவிட்டு, அவளுக்குப் போன் செய்திருக்கிறார். அவள் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஒரு நீல டைல்ஸை என் மேசைமேல் வைத்தாள். "ஏண்ணா?" என்றாள். உட்காரு, டீ போடுகிறேன் என்றேன். அவள் உட்காரவில்லை. அங்கிருந்து உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆக, ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். ஆம்ப்ளிஃபயரைக் குடைந்தது, டிரெபிளைக் குறைத்தது, காது போகிறது என்று அவனை நம்பவைத்தது, அந்த நம்பிக்கையே அவன் காதைத் தின்றதை மீட்டர் வைத்து அளந்துகொண்டே பார்த்திருந்தது. இனி நான் மறைக்க எதுவும் இல்லை. ஆனால் பிடிபட்டதால்தான் ஒப்புக்கொள்கிறேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள், அது உண்மையல்ல. டைல்ஸ் வெளியே வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே நான் அவனிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும், தங்கை வெளியே போயிருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்துத் தந்திகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குக் கொஞ்சம் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன், வெயில் என் முகத்தில் படாமல் இருக்க. அவனோடு பேசுவதற்கு அந்த வீட்டில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்திருக்கிறார்கள், எட்டி எடுக்கிற தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தை எழுதிக் காட்டுவது மரியாதை இல்லை, வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். போர்வையிலிருந்து தொடங்கிக் கடைசிவரை, ஒன்றைக்கூட விடாமல், ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். மன்னித்துவிடு மாப்ளே என்றும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை, கிண்டல் செய்யவில்லை. எங்கள் இத்தனை வருடப் பழக்கத்தில் நான் சொன்னதை அவன் அவ்வளவு பொறுமையாகக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.